ஒட்டுவாரொட்டி

பொன்னுத்தாய்க்குப் பேன் கிடையாது. யாராவது கேட்டால் அவளே சொல்லுவாள். யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

கூத்தாநல்லூருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் வருகிற தெரு அவளுடையது. அந்தத் தெருப் பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரே கூட்டமாகப் போவார்கள். மத்தியானம் சோறு தின்ற கையோடு பூவரசு நிழலில் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி என்று உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். பேன் ஒரு சாக்கு. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் மகன் சிங்கப்பூரிலிருந்து பேசவே மாட்டேன் என்கிறான், ஊர்க்கதை முழுக்க அந்த வரிசையில்தான் அலசப்படும். ஒருத்தி தலையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பொன்னுத்தாய் அந்த வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. தள்ளிப் போய் வரப்பில், தலைத்துண்டை அவிழ்க்காமல், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். அவளுக்குத் தலைக்கனம் என்று ஒரு கட்சி. புருஷன் கேரளாவில் சம்பாதிக்கிறானே, அந்த மிதப்பு என்று இன்னொரு கட்சி. ஊர் வாய்க்கு என்ன, எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும்.

தலைக்கனமாம்! தலை அரிப்பு ஐயா, தலை அரிப்பு. சொல்லவும் முடியாது, சொறியவும் முடியாது. வயலில் இறங்கி நிற்கிற நேரம் மட்டும்தான் அவளுக்கு நிம்மதி. அங்கே எல்லாப் பெண்களும் தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். குனிந்து நாற்று நடுகிற வரிசையில் அவளும் எல்லோரையும் போல ஒருத்தி. கரையேறினால் மற்றவர்கள் துண்டை உதறித் தோளில் போடுவார்கள், இவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

ஆரம்பத்தில் அதை நெல் சுணை என்றுதான் நினைத்தாள். மகள் இசைவாணிக்கு அப்போது நாலு வயசு. சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றிவிட்டு வந்தால் யாருக்குத்தான் உடம்பு அரிக்காது? சுணை கழுத்தில் இறங்கும், காதுக்குள் போகும், தலையில் அப்பும். வாய்க்காலில் ஒரு முழுக்குப் போட்டால் சரியாகிவிடும். மற்றவர்களுக்கு ஆனது. இவளுக்கு மட்டும் தை போய் மாசி வந்த பிறகும் தலையில் கை வைத்தால் நகக்கண் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செதில். சுணை உள்ளே இறங்கிவிட்டது, எண்ணெய் ஊற வைத்து எடுக்க வேண்டும் என்று அவளாக முடிவு கட்டினாள். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், வெந்தய விழுது, புளித்த தயிர் என்று ஒன்றையும் விடவில்லை. எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்தாள், எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஈர்கொல்லிச் சீப்பால் வறட்டு வறட்டு என்று சுரண்டினாள், சீப்புப் பல்லில் ரத்தம் வந்தது. ரெண்டு நாள் அடங்கியிருக்கும். பிறகு, சுரண்டின இடத்திலேயே, முன்னைவிடக் கெட்டியாகக் கிளம்பும்.

கடைத்தெருவில் ஊசி போடுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஊரில் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் பொன்னுத்தாயின் தலையைக் கையால் தொடாமல் பேனா முனையால் முடியை விலக்கிப் பார்த்தார்.

"படை" என்றார். "ஒட்டுவாரொட்டி. சீப்பு, துண்டு, தலகாணி எல்லாத்தையும் தனியா வச்சுக்க. வீட்டுல சின்னப் புள்ள இருக்கா?"

"இருக்குங்க. பொட்டப் புள்ள."

"அப்ப சாக்கிரதை."

ஒரு ட்யூப் கொடுத்தார். பூசினாள், சுத்தமாக அடங்கிவிட்டது. அடடா என்று நிறுத்தினாள், இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. படை வேறு, அவளுக்கு வந்தது வேறு. படை என்றால் ஒட்டத்தான் செய்யும், அதில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவளுக்கு இருந்தது படை இல்லை. ட்யூப் தீர்ந்து குப்பைக்குப் போனது, அவரும் கடையை மூடிக்கொண்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் பொன்னுத்தாய் வீட்டில் தங்கிவிட்டது.

முதலில் சீப்பைத் தனியாக வைத்தாள். அப்புறம் தலையணையை. அப்புறம் பாயை. அதோடு நின்றிருக்கலாம். பயம் எங்கே நிற்கிறது? சொறிந்த கையில் செதில் இருக்குமே, அந்தக் கையால் பிள்ளை தலையை வாரலாமா? குனிந்தால் தோளில் உதிருமே, பிள்ளையை மடியில் போடலாமா? யோசிக்க யோசிக்க மகளுக்கும் அவளுக்கும் நடுவில் இடம் கூடிக்கொண்டே போனது. பள்ளிக்கூடம் போகிற காலையில், எண்ணெய்ச் சீசாவையும் சிவப்பு ரிப்பனையும் கையில் கொடுத்து, "நாகம்மாக்காட்ட போயி ஜடை போட்டுக்க, ஓடு" என்று எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். நாகம்மாளும் முகம் சுளிக்காமல் தன் பிள்ளைகளோடு சேர்த்து அதையும் உட்கார வைத்து ரெட்டைச் சடை பின்னிவிடுவாள். அம்மா என்று ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இந்தப் பிள்ளை ஏன் இங்கே வருகிறது என்று அவளுக்கும் தோன்றத்தான் தோன்றியது. கேட்கவில்லை.

ஒரு நாள் இசைவாணி ஓடி வந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏதோ ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருந்தது. பொன்னுத்தாய் பதறிப்போய் அதைப் புறங்கையால் தள்ளினாள். உள்ளங்கை பட்டுவிடக் கூடாதே என்றுதான் புறங்கை. பிள்ளைக்கு அது தெரியுமா? கீழே விழவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு அது கட்டிக்கொள்ள வரவே இல்லை. பாவி மனசு அதற்காக நிம்மதிப்பட்டது, அதற்காகவே அழவும் செய்தது.

ஆனால் ஒன்று. தலைக்குத்தான் தடை, காலுக்கு இல்லை. கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மகள் படுத்த பிறகு அவள் பாதத்தை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொள்வாள். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் பூசுவாள், எண்ணெய் தொட்டுக் குதிகாலைத் தேய்த்துவிடுவாள், விரல் விரலாகச் சொடக்கு எடுப்பாள். பொன்னுத்தாய் கொஞ்சின கொஞ்சலெல்லாம் அந்தக் காலோடு சரி.

புருஷன் ரெத்தினம் கொத்தனார் வேலைக்குக் கேரளாவுக்குப் போனவன், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவான். அவனுக்கும் தனிப் பாய்தான். "எனக்கு ஒட்டுனா ஒட்டட்டும், வா" என்று முதல் வருஷம் சொன்னான். "ஒங்களுக்கு ஒட்டி, நீங்க புள்ளையத் தூக்கினா?" என்றாள் இவள். வருஷா வருஷம் அவன் தங்குகிற நாள் குறைந்தது. இப்போதெல்லாம் விருந்தாளி வந்துபோகிற கணக்குத்தான். குடிகாரன் இல்லை, கெட்டவனும் இல்லை. நெருங்க விடாத வீட்டில் ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான்?

இத்தனைக்கும் நடுவில் பொன்னுத்தாய்க்கு ஒரு பெருமை இருந்தது. மகள் தலை சுத்தமாக இருந்தது. கருகருவென்று இடுப்பு வரைக்கும் முடி. ஒன்பதாவது படிக்கும்போது இசைவாணி நாகம்மாளிடம் போவதை நிறுத்திவிட்டுத் தானே பின்னிக்கொள்ள ஆரம்பித்தாள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். "எம்புள்ள தல பட்டாட்டம் இருக்கும்" என்று களையெடுக்கிற இடத்தில் வலியப் பேச்சைக் கொண்டுபோய் நிறுத்தி ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். பேசாத மனுஷி வாய் திறந்தால் இந்த ஒரு பேச்சுத்தான். ஏன் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. நான் காவல் இருந்தேன், ஒட்ட விடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இசைவாணி நன்றாகப் படித்தாள். திருச்சியில் பி.எட். முடித்து, மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆனாள். அங்கேயே பகலவனைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் ஆனது. நல்ல பையன். "அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்த இன்னொரு பாயும் சுருட்டி வைக்கப்பட்டது. நடவுக்கு மெஷின் வந்துவிட்டதால் வேலையும் முன்போல இல்லை. பொன்னுத்தாய் காலையில் எழுந்து வாசல் தெளித்து, ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் யாருமில்லையே, துண்டை அவிழ்க்கலாம் அல்லவா? அவிழ்க்க மாட்டாள்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. இசைவாணி முழுகாமல் இருக்கிறாள். பொன்னுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"ஏழாம் மாசம் வளையல் போட்டு இங்க அழைச்சுக்கிட்டு வந்துருவேன். தலப்பிரசவம் தாய்வீட்டுலதான். மாப்ளகிட்ட சொல்லிரு" என்றாள்.

"பாக்கலாம்மா. இங்கயே ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்கு. இங்கயே இருந்துக்கறேனே" என்றாள் இசைவாணி.

போனை வைத்த பிறகு பொன்னுத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று அவளாக அர்த்தம் பண்ணிக்கொண்டாள். பச்சைக் குழந்தை. பிறந்த குழந்தைக்குத் தலை எவ்வளவு இளசு! இந்தத் தலையோடு இவள் எப்படி அதைக் குளிப்பாட்டுவாள், மடியில் போடுவாள்? மகள் நினைப்பதில் தப்பென்ன? ஆனாலும் பெற்றவள் வீடு என்று ஒன்று இருக்கும்போது பிள்ளை வரமாட்டேன் என்றால் வயிறு எரியாதா? அந்தக் குழந்தையை ஒரு தரமாவது மடியில் போட வேண்டும். அது ஒன்றுதான் இனி வேண்டும். அதற்கு இந்தத் தலை சரியாக வேண்டும். மறுநாளே பஸ் ஏறித் திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தோல் டாக்டருக்குச் சீட்டு வாங்கி நின்றாள்.

டாக்டர் கவிப்ரியாவுக்கு மகள் வயசுதான் இருக்கும். "துண்ட எடுங்கம்மா" என்றாள். பொன்னுத்தாய் எடுத்தாள். பெண் எழுந்து வந்து, கையுறைகூடப் போடாமல், இரண்டு கையாலும் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பொன்னுத்தாய்க்கு உடம்பு கூசியது.

"கைய எடுத்துருங்க டாக்டரம்மா. ஒட்டிக்கும்."

"யாரு சொன்னா? முழங்கையக் காட்டுங்க. பாத்தீங்களா, இங்கயும் இருக்கு. இது பொடுகு இல்லம்மா. பொடுகுன்னா மெல்லிசா உதிரும், எண்ணெய்ப் பசையா இருக்கும், அதுக்குன்னு இருக்கற ஷாம்புவ ஒழுங்காப் போட்டா அடங்கும். இது படையும் இல்ல. சோரியாசிஸ்னு சொல்லுவோம். தோல் வளந்து உதிர ஒரு மாசம் ஆகணும். ஒங்களுக்கு நாலஞ்சு நாள்லயே அடுத்தது கெளம்பி வந்துருது. பழசு உதிர்றதுக்குள்ள புதுசு வந்து அடுக்கடுக்கா நின்னுருது."

"அஞ்சு மாசச் சம்பாவா வரவேண்டியது மூணு மாசக் குறுவையா வருதுங்கறீங்க."

டாக்டர் சிரித்துவிட்டாள். "அதேதான். அதுகூட இவ்ளோ சீக்கிரம் வராது."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"சீப்பு மாறிப் போச்சுன்னா?"

"ஒட்டாதும்மா."

"தலகாணி?"

"ஒட்டாது."

"புள்ளைய மடியில போட்டுக்கிட்டா? தலைய வாரி விட்டா? கட்டிப் புடிச்சுக்கிட்டா?"

"எதுலயும் ஒட்டாது. பேரப்புள்ள வரப்போவுதா? தாராளமாத் தூக்குங்க" என்றாள் அந்தப் பெண். நல்ல சேதி சொன்ன சந்தோஷம் அவளுக்கு. பொன்னுத்தாயின் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? அப்பா, அம்மா, புள்ளைங்க? இது ஒட்டாதே ஒழிய, குடும்பத்துல ரத்தத்தோட வரலாம். எல்லாருக்கும் வரணும்னு இல்ல, சிலருக்கு வரும்."

"எங்கப்பனுக்கு முழங்கை சொரசொரன்னு இருக்கும். எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவ தல பட்டாட்டம்" என்றாள் பொன்னுத்தாய்.

மருந்துக்கு வழி சொன்னார்கள். செதிலை இளக்குகிற எண்ணெயை முதலில் தடவி ஊற விட வேண்டும். சுரண்டவே கூடாது, சுரண்டின இடத்தில்தான் இது இன்னும் முளைக்கும். அப்புறம் தார் வாசம் அடிக்கிற ஷாம்பு. போட்ட உடனே கழுவக் கூடாது, அஞ்சு நிமிஷம் தலையிலேயே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சொட்டு மருந்து. அது முடியில் படக் கூடாது, தோலில் இறங்க வேண்டும். அடங்கின உடனே சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அடியோடு போகாது, அடங்கும். பனிக்காலத்திலும் மனக்கவலையிலும் திரும்பி எட்டிப் பார்க்கும், அப்போது பயப்படாமல் வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியாக, "பின்மண்டைக்கு ஒங்களுக்குக் கை எட்டாது. வீட்டுல யாரையாவது வகிடு எடுத்து விடச் சொல்லுங்க" என்றாள்.

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பஸ்ஸில் வரும்போதுதான் அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. ஒட்டாது. அன்றைக்கு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதே, அன்றைக்கும் ஒட்டியிருக்காது. காய்ச்சலில் கிடந்து 'அம்மா பக்கத்துல படும்மா' என்று அனத்தியதே, அன்றைக்கும் ஒட்டியிருக்காது. ரெத்தினம் வா என்றானே, போயிருக்கலாம். பூவரசு நிழலில் போய் உட்கார்ந்திருக்கலாம். யார் மேல் கோபப்படுவது? ஊசி போட்டவர் செத்தாரோ இருக்காரோ. அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார், மிச்சமெல்லாம் இவள் கட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏம்மா அழுவுறீங்க?" என்று கேட்டாள். "கண்ணுல தூசி" என்றாள் பொன்னுத்தாய்.

முதல் வாரம் மருந்தை அவளே போட்டுக்கொண்டாள். பாதி முடியில் வழிந்தது, பாதி கழுத்தில் ஓடியது. முன்நெற்றி தேவலை, பின்மண்டை அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு நாள் சாயங்காலம் மருந்துக் குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். நாகம்மாளுக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் பொன்னுத்தாய் அந்த வாசப்படி ஏறியதில்லை. துண்டை அவிழ்த்தாள், விஷயத்தைச் சொன்னாள். "ஒட்டாதாம்க்கா. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்றாள், சத்தியம் பண்ணுகிற குரலில்.

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது, உக்காரு" என்றாள் நாகம்மாள். "இதுக்காடி இத்தன வருஷம்? நாங்கூட எங்கமேல என்னமோ கோவம்னுல்ல நெனச்சேன்."

அவள் விரல் தலையில் பட்டது. வகிடு வகிடாகப் பிரித்து, சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் தேய்த்தாள். கடைசியாக இந்தத் தலையை ஆற அமர யார் தொட்டது என்று பொன்னுத்தாய் நினைத்துப் பார்த்தாள், ஞாபகத்துக்கு வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாகம்மாள் ஒன்றும் கேட்காமல், "ஆடாத, மருந்து கண்ணுல போயிரும்" என்று மட்டும் சொன்னாள்.

வளைகாப்புக்கு நாள் வைப்பதற்குள் தலை பெருமளவு தெளிந்திருந்தது. அங்கங்கே சிவந்த தழும்பு, அவ்வளவுதான். இதை மகளிடம் போனில் சொல்லக் கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். சொன்னால் வந்துவிடுவாள். ஒட்டாது என்று தெரிந்தால் ஏன் வரமாட்டாள்? கையோடு அழைத்து வர ஊரிலேயே ஒரு காரும் பேசிக்கொண்டு, துண்டு இல்லாத தலையோடு, பூ வைத்துக்கொண்டு, பொன்னுத்தாய் மயிலாடுதுறைக்குப் போய் இறங்கினாள். இசைவாணி வாசலிலேயே அதைக் கவனித்தாள்.

மணையில் மகள் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசினார்கள், வளையல் அடுக்கினார்கள். சம்மந்தியம்மாள் ஒரு பந்து மல்லிகையைக் கையில் கொடுத்து, "பெத்தவங்க நீங்க வச்சு விடுங்க" என்றாள். பொன்னுத்தாய் மகளின் தலையில் கை வைத்தாள். நாலு வயசுக்குப் பிறகு இப்போதுதான். பூவைச் செருகக் காதோரம் முடியை ஒதுக்கினாள்.

காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், வெள்ளையாக ஒரு பட்டை. கெட்டியாக, அடுக்கடுக்காக.

"தொடாதம்மா" என்றாள் இசைவாணி, யாருக்கும் கேட்காத குரலில். கை விருட்டென்று போய்க் காதை மூடியது. பொன்னுத்தாய்க்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பூவை எப்படியோ வைத்துவிட்டு நகர்ந்தாள்.

விருந்தாளிகள் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மகள் கை கழுவக் கொல்லைப் பக்கம் வந்தாள். அங்கே அம்மா நின்றாள்.

"எத்தன நாளா?"

இசைவாணி குழாயை மூடினாள். "ஒம்பதாவதுலேருந்து."

"நாகம்மாட்ட ஜடை போடறத நிறுத்துனியே, அதுக்குத்தானா?"

"ம்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சு. ஒனக்கு இருக்கறதுக்கே என்னைய அவ்ளோ தள்ளி வச்ச. எனக்கும் இருக்குன்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டியோன்னு இருந்துச்சு."

பொன்னுத்தாய் சொல்ல வந்தது ஒன்று, சொல்ல வேண்டியது இன்னொன்றாகிவிட்டது. "ஒட்டாதுடி. டாக்டரம்மா சொன்னாங்க. ரத்தத்துல வர்றதாம். நா எட்ட நின்னது எதுக்கும்... நீ வயித்துல இருக்கையிலயே ஒனக்குக் குடுத்துட்டேன் புள்ள."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ஒட்டாதுன்னு. திருச்சியில படிக்கறப்பவே டாக்டர்கிட்ட காட்டிட்டேன். அப்பவே சொல்லிட்டாங்க. இவருக்கும் தெரியும், இவருதான் மருந்து போட்டு விடுறாரு. இப்ப புள்ள வயித்துல இருக்குன்னு மருந்தக் கொறச்சிருக்காங்க, அதான் தெரியுது."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?" பொன்னுத்தாய்க்கு இப்போது கோபம் வந்துவிட்டது. "அப்பவே சொல்லியிருந்தா அப்பவே..."

"சொல்லத்தான் ஊருக்கு வந்தேன். ராத்திரி சொல்லலாம்னு படுத்துருந்தேன். நீ வந்து எங்காலுக்கு எண்ணெ தேச்சு விட்ட. தேச்சுக்கிட்டே, 'எங்கண்ணு, எம்பாடு என்னோட போவட்டும், ஒனக்கு ஒரு பொட்டு ஒட்டாம காப்பாத்திட்டேன்'னு சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன." இசைவாணி முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒங்கிட்ட அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அப்பாவும் கூட இல்ல, அக்கம் பக்கம் இல்ல. அதையும் நா எப்புடிப் புடுங்குவேன்? அங்க பிரசவத்துக்கு வந்தா தல குளிப்பாட்டையில தெரிஞ்சுரும். அதான் வரலன்னேன்."

பொன்னுத்தாய் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தள்ளி நின்றாள். மகள் இவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தள்ளி நின்றாள். உள்ளே பந்தியில் யாரோ அப்பளம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத்தான் தெரிஞ்சு போச்சே" என்றாள் கடைசியில். "வர்றியா?"

"வர்றேன்" என்றாள் இசைவாணி. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. இசைவாணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பொன்னுத்தாய் மறுகோடியில். கொஞ்ச நேரம் வளைகாப்புக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அசதியில் மகள் தூங்கிப்போனாள். பேரளம் தாண்டி இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள் வந்தபோதுதான் பொன்னுத்தாய் கவனித்தாள். தங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் கிடந்தது. யாரும் விடச் சொல்லவில்லை, உடம்பு தானாக விட்டிருந்தது. அவள் மெல்ல நகர்ந்து மகளை ஒட்டி உட்கார்ந்தாள். தோளில் தோள் பட்டதும் இசைவாணி, கண்ணைத் திறக்காமலே, தூக்கத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இன்னும் ஜன்னல் பக்கம் ஒதுங்கி இடம் விட்டாள்.

பொன்னுத்தாய் மறுபடியும் நகர்ந்தாள்.